கடலடி எண்ணெயும் சந்திரனின் கட்டளையும்: கேசவ தேவ மாளவியாவின் சரிதம்

ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் கடலைக் காணாத ஊர்கள். மேற்கே மலை, கிழக்கே கரிசல் பூமி. சுமார் 100 கிலோ மீட்டர் பிரயாணம் செய்தாலன்றி இவ்வூர்வாசிகளுக்குக் கடற்காட்சி கிட்டாது. ஆயினும் கடலுக்கும் இவ்வூர்களுக்கும் உள்ள சம்பந்தம் பழைமையானது. கடலினுள் இறங்கி நீரை மொண்டு வந்து நிலமெங்கும் பொழியுமாறு மழைத் தேவனை வேண்டிப் பாடிய ஆண்டாள் அவதரித்தது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். வானம் பொய்த்த வருஷங்களில் இப்பக்கத்து விவசாயிகள் கிணற்றை நம்பி வாழ்ந்தார்கள். கமலை மாடுகள் இறைத்த தண்ணீரைப் பிற்காலத்தில் ஆயில் எஞ்சின்கள் இறைத்தன. ராஜபாளையத்து நூல் ஆலைகளுக்குப் பஞ்சைக் கொண்டு வருவதும், நூலையும் துணியையும் வெளியூர்களுக்குக் கொண்டு போவதும் லாரிகளே. எஞ்சினுக்கும் லாரிக்கும் உயிராக உள்ளது எண்ணெய். தேசத்துக்கு வேண்டிய அந்த எண்ணெயில் ஒரு பங்கு, பம்பாய்க்கு மேற்கே கடலின் அடியிலிருந்து மொண்டு எடுக்கப்படுகிறது என்பதைச் சிந்திப்பவர்கள் சிலரே.

அந்த எண்ணெயைத் தேடும் வேலையைத் தேசத்தின் சொந்த வேலையாக ஆக்கியவர் காலஞ்சென்ற கேசவ தேவ மாளவியா. வடநாட்டில் பிரசித்தி பெற்ற அப்பெயர் தமிழ் நாட்டில் போதிய அளவு அறியப்படவில்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வாக்காளர்களுக்கு அவர் முற்றிலும் அந்நியர் அல்லர். 1952ஆம் வருஷம் நடைபெற்ற முதலாவது பொதுத் தேர்தலில், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதி ஸ்ரீ காமராஜரைத் தன் பிரதிநிதியாக லோக் சபைக்கு அனுப்பிற்று. அதே சபைக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர் மாளவியா. இருவரும் சிறைவாசத்தைக் கண்ட தேசபக்தர்கள். சுதந்திரம் பெற்ற பின் வெறும் கொடியேற்றத்தோடு திருப்தி அடையாத கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

அலகாபாத்தில் பிறப்பு

மாளவியா 1904ஆம் வருஷம் ஜூன் மாதம் 11ஆம் தேதி அலகாபாத்தில் பிறந்தார். தேச விடுதலை இயக்கத்தின் தலைநகரங்களில் ஒன்று என்று அந்நகரைச் சொன்னால் மிகையாகாது. நேரு குடும்பத்தின் ஆனந்த பவனம் அங்கேதான் இருந்தது. அங்கே வளர்ந்த வாலிபர்களில் காங்கிரஸின் அழைப்பைக் கேளாதவர் அரிது. மாளவியாவும் அவ்வழைப்பைக் கேட்டார், சிறை சென்றார், ஜவாஹர்லால் நேருவின் நம்பிக்கைக்கு உரியவரானார். ஆனால் மற்றத் தொண்டர்களிடம் அபூர்வமாகவே காணப்பட்ட ஒரு தகுதி அவரிடம் இருந்தது. கான்பூரில் உள்ள ஹார்கோர்ட் பட்லர் தொழிற் கலாசாலையில் எண்ணெய் சம்பந்தமான தொழில் நுட்பத்தை அவர் முறையாகப் பயின்றிருந்தார். பிரசங்க மேடையில் ஏறத் தெரிந்த தேசபக்தர்கள் பலர் இருந்தார்கள். பரிசோதனைச் சாலையில் நுழையவும் தெரிந்தவர்கள் சிலரே இருந்தார்கள்.

1930ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 6ஆம் தேதி தண்டிக் கடற்கரையில் காந்தியடிகள் ஒரு பிடி உப்பை அள்ளினார். அதே மாதத்தில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர் படையை நடத்திச் சென்றார். கடற்கரைகளில் அவ்விதம் உப்பு விளைவது எவ்வாறு? கடல் பெருகும் வேளையில் ஏறி வரும் உவர்நீர் கரையோரப் பள்ளங்களில் தங்கி, வெயிலில் வற்றி உப்பாகிறது. பெருக்கை அனுப்புவது சந்திரன். வற்றச் செய்வது சூரியன். இயற்கை இலவசமாகக் கொடுத்ததற்கு அன்னிய சர்க்கார் வரி விதித்தது. அந்த வரியை எதிர்த்து எழுந்த தலைமுறையில் மாளவியா ஒருவர். தண்டிக்கு வடக்கே சற்றுத் தூரத்தில் இருப்பது காம்பே வளைகுடா. உப்பு சத்தியாக்கிரகம் நடந்து நாற்பது வருஷங்கள் சென்ற பின், இந்தியாவின் முதலாவது கடல் எண்ணெய்க் கிணறு அந்த வளைகுடாவில் தோண்டப்பட்டது. கடல் தரும் பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இரண்டு நிகழ்ச்சிகளிலும் ஒன்றே.

இல்லை என்ற தீர்ப்பு

1947ஆம் வருஷம் சுதந்திரம் பெற்றபோது எண்ணெய் விஷயத்தில் நமது நிலைமை பரிதாபகரமானது. அஸ்ஸாமில் டிக்பாய் என்னும் இடத்தில் 1889ஆம் வருஷம் கண்டுபிடிக்கப்பட்ட எண்ணெய் வயல் ஒன்றே நம்மிடம் இருந்தது. அதை நடத்தியவர்களும் அன்னியர்களே. ஏழையின் குடிசையில் எரியும் மண்ணெண்ணெய் விளக்கு முதல் ராணுவத்தின் விமானம் வரை எல்லாவற்றுக்கும் வேண்டிய எண்ணெய், கப்பலில் வந்து இறங்க வேண்டியிருந்தது. 1954 முதல் 1957 வரையில் பம்பாயை அடுத்த டிராம்பேயிலும் விசாகப்பட்டினத்திலும் எழுந்த சுத்திகரிப்பு ஆலைகள்கூட அன்னியக் கம்பெனிகளுக்கே சொந்தமாயிருந்தன. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906ஆம் வருஷம் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, கப்பல் சுதேசியானால்தான் வியாபாரம் சுதேசியாகும் என்று கருதினார். அரை நூற்றாண்டு கழிந்த பின் கப்பலையும் ஆலையையும் ரயிலையும் இயக்கும் எண்ணெயே அன்னியர் கையில் இருந்தது.

இந்தியாவின் நிலத்தடியில் எண்ணெய் அதிகம் இல்லை என்பது பலகாலமாகப் பரவியிருந்த அபிப்பிராயம். அன்னியக் கம்பெனிகளுக்கு அந்த அபிப்பிராயம் அசௌகரியமாக இல்லை. மேற்கு ஆசியாவில் மலிவாகக் கிடைத்ததைக் கொண்டு வந்து விற்பதே அவர்களுக்கு லாபம். ஒரு தேசத்தின் பூமியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் அதிகாரம் அப்பூமியைத் தேடிப் பார்க்க விருப்பமற்றவர்களிடம் இருப்பது ஒருவிதமான அடிமைத்தனமே அன்றோ? மாளவியா இந்த நிலைமையை ஏற்கவில்லை. இயற்கை வள இலாகாவின் மந்திரியாக இருந்தபோது, 1955ஆம் வருஷம் எண்ணெய்த் தொழிலை நேரில் அறிவதற்காகப் பல தேசங்களுக்குத் தூதுகுழு ஒன்றை நடத்திச் சென்றார். அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி, ருமேனியா, சோவியத் ருஷ்யா ஆகிய தேசங்களின் நிபுணர்கள் இந்தியாவுக்கு வந்து ஆலோசனை கூறினர்.

1955ஆம் வருஷத்தில் எண்ணெய்க்கென்று தனி இலாகா ஒன்று ஏற்பட்டது. 1956ஆம் வருஷம் ஏப்ரலில் வெளியான தொழிற் கொள்கைத் தீர்மானம், எதிர்கால எண்ணெய்த் தொழிலைச் சர்க்காரின் பொறுப்பாக்கியது. அதே வருஷம் ஆகஸ்டு 14ஆம் தேதி அந்தச் சிறு இலாகா எண்ணெய் இயற்கை வாயுக் கமிஷனாக உயர்ந்தது. அனுபவமுள்ளவர்கள் குறைவு, யந்திரங்கள் குறைவு, பணமும் குறைவு. எண்ணெய் கிட்டுமென்பதற்கு எவரும் உறுதி கூறவில்லை. ஆனால் கிணறு வெட்டும் நமது விவசாயி அறிவான். முதற் கிணற்றில் பாறை தட்டினால், அந்தப் பாறையின் சாய்வைக் கண்டு இரண்டாவது கிணற்றுக்கு இடம் குறிக்கிறான். வறண்ட கிணறும் பாடம் கற்பிக்கும். வெட்டாத கிணறு எதையும் கற்பிக்காது.

குஜராத்தின் மண்ணில்

முயற்சி வீண் போகவில்லை. 1958ஆம் வருஷம் செப்டம்பரில் குஜராத்தில் காம்பேயை அடுத்த லூனேஜ் என்னும் இடத்தில் எண்ணெய் வெளிப்பட்டது. 1960ஆம் வருஷம் அங்கலேஸ்வரத்தில் பெரிய எண்ணெய் வயல் கிடைத்தது. அங்குள்ள கிணறு ஒன்றுக்குப் பிரதம மந்திரி நேரு வசுதாரா என்று பெயரிட்டார். அதே வருஷம் அஸ்ஸாமில் ருத்ரசாகரிலும் எண்ணெய் கண்டறியப்பட்டது. ருமேனியாவின் உதவியுடன் கட்டப்பட்ட கௌஹாத்தி சுத்திகரிப்பு ஆலை 1962ஆம் வருஷத்தின் முதல் நாளில் திறந்து வைக்கப்பட்டது. பரௌனி, கோயலி என்னும் இடங்களில் சோவியத் உதவியுடன் மேலும் இரண்டு ஆலைகள் எழுந்தன.

இதற்கிடையே ஒரு விலைப் போராட்டமும் நடந்தது. 1960ஆம் வருஷம் ருஷ்யா குறைந்த விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. அதைச் சுத்திகரிக்க அன்னியக் கம்பெனிகள் மறுத்தன. ஆயினும் அந்தப் போட்டியின் காரணமாகத் தங்கள் விலையை அவை குறைக்க நேர்ந்தது. சொந்தமாக ஒரு வழி இருந்தால்தான் பிறரிடம் பேரம் பேச இயலும் என்பதை இந்த ஒரு சம்பவமே மெய்ப்பித்தது. மாளவியாவைப் புகழ்ந்தவர்களைப் போலவே பகைத்தவர்களும் அக்காலத்தில் பெருகினார்கள்.

காம்பேயிலும் அங்கலேஸ்வரத்திலும் எண்ணெயைத் தாங்கிய மண் படிவங்கள் கரையோடு நின்றுவிடவில்லை. அவை வளைகுடாவின் நீருக்கு அடியிலும் தொடர்ந்து செல்கின்றன என்று பூகர்ப்ப நிபுணர்கள் கணித்தார்கள். ஆகவே அடுத்த படி கடலுக்குள் இறங்குவதே. ஆனால் அவர்கள் இறங்க வேண்டியிருந்த கடல் சாமானியமானதன்று.

சந்திரனின் ஆட்சி

கடல் தினந்தோறும் இரு முறை பெருகி இரு முறை வற்றுகிறது. இதைப் பழந்தமிழர் ஓதம் என்றார்கள். சந்திரனின் ஈர்ப்பே இதற்கு முக்கிய காரணம். சந்திரனுக்கு நேரே உள்ள பக்கத்து நீர், பூமியைக் காட்டிலும் சற்று அதிகமாக இழுக்கப்படுகிறது. எதிர்ப்பக்கத்து நீர் சற்றுக் குறைவாக இழுக்கப்படுவதால் அங்கும் ஒரு மேடு உண்டாகிறது. பூமி சுழலும்போது ஒவ்வொரு கடற்கரையும் இவ்விரு மேடுகளையும் கடந்து செல்கிறது. சந்திரனும் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிஷம் செல்கிறது. ஆகவே இன்று காலை ஆறு மணிக்கு வந்த பெருக்கு நாளைக் காலையில் சுமார் 50 நிமிஷம் தாமதித்து வரும். சூரியனுக்கும் இதில் பங்கு உண்டு. அதன் வலிமை சந்திரனுடைய வலிமையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து இழுப்பதால், அந்நாட்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும் பெருக்கு மிகும்; வற்றமும் மிகும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பதால் கடல் அடங்கியிருக்கும்.

தூத்துக்குடியில் இந்த ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. பம்பாயில் பெருநாட்களில் ஏறக்குறைய 5 மீட்டர் ஆகிறது. காம்பே வளைகுடாவிலோ பவநகரை ஒட்டிய பகுதிகளில் 10 மீட்டருக்கு மேலும் போகிறது. மூன்று மாடி வீட்டின் உயரத்துக்குத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் ஏறி, அடுத்த ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. வாய் அகன்று உள்ளே செல்லச் செல்லக் குறுகும் புனலைப் போன்றது இவ்வளைகுடா. அகன்ற வாயில் நுழைந்த நீர் குறுகிய இடத்தில் நெருக்குண்டு மேலே எழுகிறது. ஆழம் குறைவாக இருப்பதும் அதற்குத் துணை செய்கிறது. சுமார் 1900 வருஷங்களுக்கு முன் செங்கடல் வழியாக இந்தியாவுக்கு வந்த கிரேக்க மாலுமி ஒருவர், நர்மதையின் முகத்தில் உள்ள பரோச் துறைமுகத்தைப் பற்றிய குறிப்பில் இந்த வெள்ளத்தின் பயங்கரத்தை வர்ணித்திருக்கிறார். அங்கே அயல் கப்பல்களை வழிகாட்டி அழைத்து வருவதற்கு அரசன் உள்ளூர்ச் செம்படவர்களை நியமித்திருந்தான் என்றும் அவர் கூறுகிறார். சந்திரனின் கணக்கை அறிந்தவனே அக்கடலில் மாலுமி.

துளையிடுவோருக்கு நேரும் தொல்லை

இத்தகைய கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுவது எவ்வளவு கடினம் என்பதை நேயர்கள் ஊகிக்கலாம். மேடை எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதே முதற் கேள்வி. மிகப் பெரிய பெருக்கின் மட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் மேல் புயல் தள்ளி வரும் நீரின் உயரத்தைக் கூட்டி, அதற்கும் மேல் அலையின் உச்சியைக் கூட்டி, அதற்கும் உயரத்தில் மேடையின் அடித்தளம் இருக்க வேண்டும். கணக்கில் ஒரு மீட்டர் பிசகினாலும் ஒரு பௌர்ணமி இரவில் அலை மேடையை மோதும். வற்றத்திலோ வேறு தொல்லை. பெருக்கில் மிதந்து வந்த படகு, வற்றத்தில் சேற்றில் தரை தட்டி நின்றுவிடும். ஆட்களையும் குழாய்களையும் சிமிட்டியையும் குடிநீரையும் கொண்டு வரும் படகுகள், கடிகாரத்தைப் பாராமல் கடலைப் பார்த்தே புறப்பட வேண்டும்.

நீர் ஏறி இறங்கும்போது அது ஓடும் வேகமும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆற்று வெள்ளத்தில் பாலத்தின் தூணைச் சுற்றி மணல் அரிக்கப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறே மேடையின் கால்களைச் சுற்றியும் மண் அரிக்கப்படுகிறது. ஆற்றில் வெள்ளம் வருஷத்துக்கு ஓரிரு முறை. இங்கே நாளொன்றுக்கு நான்கு முறை, இரு முறை உள்நோக்கியும் இரு முறை வெளிநோக்கியும். முக்குளித்து வேலை செய்வோர், நீர் திரும்பும் இடைவேளையில் ஓட்டம் நிற்கும் சொற்ப நேரத்தில்தான் இறங்க முடியும். கால்களை ஊன்றி நிற்கும் மேடையை இடம் மாற்ற வேண்டுமானால், கடல் அடங்கிய நாட்களையும் ஓட்டம் தணிந்த வேளையையும் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. கால் ஊன்றாமல் மிதந்தபடியே துளையிடும் கப்பல்களில், கடல் ஏறும்போது கப்பலும் ஏறும். துளையோ கடலடியில் அசையாமல் இருக்கும். நீளும்படியும் சுருங்கும்படியும் ஒன்றனுள் ஒன்று செருகிய குழாய் அங்கே அவசியமாகிறது. கிணற்றின் ஆழத்தைக் குறிக்கும்போதும் அந்நேரத்து ஓதத்தைக் கழித்தே கணக்கிட வேண்டும்.

இன்னும் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. பத்து மீட்டர் நீரின் பாரம், நம்மைச் சூழ்ந்த காற்று மண்டலத்தின் பாரத்துக்கு ஏறக்குறையச் சமம். ஆகவே காம்பேயில் கடலடி மண்ணின் மேல் அவ்வளவு பாரம் நாளொன்றுக்கு இரு முறை ஏறி இறங்குகிறது. எண்ணெய்க் கிணற்றின் ஆழத்தில் வைக்கும் அழுத்தமானி கூடச் சந்திரனின் இந்தத் தாளத்தை மெல்லியதாகக் காட்டும். அது எண்ணெயின் அழுத்தமா, கடலின் பாரமா என்று பிரித்து அறியத் தெரியாதவன் ஏமாந்து போவான்.

ஆனால் இத்தனை தொல்லைகளுக்கும் நடுவில் ஓர் ஆறுதல் உண்டு. புயல் சொல்லாமல் வரும். சந்திரன் சொல்லி வைத்தபடியே வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்ட வில்லியம் தாம்ஸன், ஓதத்தை முன்கூட்டிக் கணிக்கும் முறையையும் யந்திரத்தையும் வகுத்தார். பம்பாய் அப்போலோ பந்தரில் 1878ஆம் வருஷம் முதல் கடல் மட்டம் அளக்கப்பட்டு வருகிறது. இந்திய சர்வே இலாகா வருஷந்தோறும் துறைமுகங்களுக்கு ஓதப் பஞ்சாங்கம் வெளியிடுகிறது. எந்த மந்திரியின் உத்தரவுக்கும் சந்திரன் கட்டுப்படாது. ஆனால் பொறுமையோடு கற்பவனுக்கு அது தன் கால அட்டவணையை மறைப்பதும் இல்லை.

பதவி துறந்த காலம்

கடல் எண்ணெயை நாடும் வேளை வந்தபோது மாளவியா பதவியில் இல்லை. ஒரிஸாவில் சுரங்கத் தொழில் நடத்திய நிறுவனம் ஒன்றிடமிருந்து தேர்தல் காரியத்துக்காகப் பணம் பெற்றுத் தர ஏற்பாடு செய்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது எழுந்தது. நேரு அவ்விஷயத்தை சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி எஸ். கே. தாஸின் பரிசீலனைக்கு விட்டார். நீதிபதியின் அறிக்கை வெளியிடப்படவில்லை. 1963ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் மாளவியா ராஜினாமாச் செய்தார். இரண்டு மாதங்களுக்குப் பின், ஆகஸ்டில் காமராஜர் திட்டத்தின்படி மந்திரிகள் பலர் கட்சிப் பணிக்காகத் தாமாகப் பதவியை விட்டார்கள். அந்தத் தியாகத்தின் கௌரவம் மாளவியாவின் விலகலுக்குக் கிட்டவில்லை. அவருடைய சரிதத்தைச் சொல்பவர்கள் இந்த அத்தியாயத்தை மறைப்பது நேர்மையன்று. தேர்தலுக்காகப் பணம் திரட்டும் பழக்கம் நல்ல தொண்டனின் பெயருக்கும் எவ்வாறு களங்கம் உண்டாக்கும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

ஆனால் மனிதர் விலகினாலும் அவர் தொடங்கிய ஸ்தாபனம் நின்றுவிடவில்லை. 1960களின் நடுப்பகுதியில் அகாடமிக் ஆர்க்காங்கெல்ஸ்கி என்ற சோவியத் ஆராய்ச்சிக் கப்பல், காம்பே வளைகுடாவையும் பம்பாய்க்கு அப்பாலுள்ள கடலையும் சோதித்தது. நீருக்குள் அதிர்ச்சியை உண்டாக்கி, கடலடிப் படிவங்களிலிருந்து திரும்பும் எதிரொலியைக் கொண்டு பூமியின் அமைப்பை அறிவது அதன் முறை. பம்பாய்க்கு மேற்கே கடலடியில் பெரியதொரு மேடான அமைப்பு இருப்பது அவ்வாறு புலனாயிற்று. ஆனால் நம்மிடம் ஆழ்கடலில் துளையிடும் சாதனம் அப்போது இல்லை. கரையை அடுத்த வளைகுடாவிலேயே முதற் பாடம் தொடங்கிற்று.

நர்மதை கடலில் கலக்கும் இடத்தில் உள்ளது அலியாபெட். 1970ஆம் வருஷம் மார்ச் மாதம் 19ஆம் தேதி பிரதம மந்திரி இந்திரா காந்தி அங்கே இந்தியாவின் முதலாவது கடல் எண்ணெய்க் கிணற்றைத் தொடங்கி வைத்தார். கடலில் ஊன்றப்பட்ட மேடையிலிருந்து துளை இறங்கிற்று. ஆட்களும் சாமான்களும் பவநகரிலிருந்து அந்தக் கொந்தளிக்கும் ஓதத்தின் வழியாகவே வர வேண்டியிருந்தது. வியாபாரத்துக்குப் போதுமான எண்ணெய் அங்கே கிட்டவில்லை. பத்திரிகைகளில் தோல்வி என்று எழுதத்தக்க முடிவு. ஆனால் உண்மையில் அது தோல்வியா? தேசத்திலேயே மிகக் கடுமையான ஏற்றவற்றம் உள்ள நீரில் நம்மவர்கள் மேடை நிறுத்தி, துளையிட்டு, பத்திரமாகக் கரை திரும்பினார்கள். நீச்சலை வெள்ளத்தில் கற்றவன் ஏரியைக் கண்டு அஞ்சமாட்டான்.

பம்பாய்க் கடலில் வெற்றி

1973ஆம் வருஷத்தின் கடைசியில் மேற்கு ஆசியாவில் யுத்தம் மூண்டது. பீப்பாய்க்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெயின் விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அன்னியச் செலாவணி கரைந்தது. மண்ணெண்ணெய் முதல் உரம் வரை யாவும் விலை ஏறின. எண்ணெய் விஷயத்தில் பிறரை நம்பியிருப்பதன் அபாயத்தை மாளவியா அதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பே உணர்ந்திருந்தார். அதை இப்போது தேசம் முழுவதும் அனுபவித்தது.

அந்த நெருக்கடியின் நடுவில்தான் நல்ல செய்தி வந்தது. ஜப்பானில் கட்டப்பட்டு 1973இல் கிடைத்த சாகர் சாம்ராட் என்னும் துளையிடும் மேடை, பம்பாயிலிருந்து சுமார் 160 கிலோ மீட்டர் தூரத்தில், ஏறக்குறைய 75 மீட்டர் ஆழமுள்ள கடலில் கால்களை ஊன்றி நின்றது. தேவையான இடத்தில் கால்களைக் கடலடியில் இறக்கி, தன் உடலை நீர்மட்டத்துக்கு மேல் தூக்கிக்கொள்ளும் அமைப்பு அது. எவ்வளவு தூக்குவது என்பதை நிர்ணயிக்கும் கணக்கில் ஓதமும் அலையும் புயலும் அடங்கும். 1974ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அங்கே எண்ணெய் கிடைத்தது. சோவியத் கப்பல் எதிரொலியில் கண்டறிந்த மேடு பொய்யாகவில்லை. பம்பாய் ஹை என்று பெயர் பெற்ற அவ்வயலே, பின்னர் பல வருஷங்கள் தேசத்தின் எண்ணெய் உற்பத்தியில் பெரும் பங்கைத் தந்தது.

1974இல் மாளவியா மீண்டும் மத்திய மந்திரி சபையில் இடம் பெற்று, பின்னர் எண்ணெய் இலாகாவை ஏற்றார். 1976ஆம் வருஷம் மே மாதம் 21ஆம் தேதி பம்பாய் ஹையிலிருந்து எண்ணெய் உற்பத்தி தொடங்கியபோது, அந்த இலாகாவின் மந்திரியாக இருந்தவர் அவரே. அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டை எட்டிக்கொண்டிருந்தது. விதைத்தவனே அறுவடையைக் காண்பது பொது வாழ்வில் அபூர்வம். மாளவியாவுக்கு அது கிட்டிற்று. 1977ஆம் வருஷம் ஆட்சி மாறியபோது அவரும் பதவியிலிருந்து விலகினார். 1981ஆம் வருஷம் மே மாதம் 27ஆம் தேதி காலமானார். டேராடூனில் உள்ள எண்ணெய் ஆராய்ச்சி நிலையம் இன்று அவருடைய பெயரால் விளங்குகிறது. வெண்கலச் சிலையைக் காட்டிலும் பொருத்தமான ஞாபகச் சின்னம் அது. அங்கே பூமியைப் படிக்கும் மாணவர்களே அவருக்கு உண்மையான வாரிசுகள்.

நமக்குரிய பாடம்

மாளவியா எண்ணெய் விஷயத்தில் தேசத்தை முற்றிலும் சுதந்திரமாக்கிவிட்டார் என்று நாம் கூறவில்லை. நாம் உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்றும் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. பம்பாய் ஹையின் உற்பத்தியும் முந்திய நாட்களைவிடக் குறைந்துவிட்டது. எண்ணெயை எரிப்பதால் வானம் வெப்பமடைகிறது என்ற புதிய கவலையும் சேர்ந்திருக்கிறது. ஆகவே இனி வரும் தலைமுறை, கடலடியில் எண்ணெயைத் தேடியது போலவே, காற்றிலும் வெயிலிலும் ஓதத்திலும்கூடச் சக்தியைத் தேட வேண்டியவர்களாக இருக்கிறார்கள். காம்பே வளைகுடாவின் ஏற்றவற்றத்தைக் கொண்டே மின்சாரம் எடுக்கலாமா என்ற யோசனையும் பல வருஷங்களாக இருந்து வருகிறது. அன்று துளையிடுவோரைத் துன்புறுத்திய வெள்ளமே நாளை விளக்கேற்றவும் கூடும்.

ஆனால் தேடும் பொருள் மாறினாலும் தேடும் முறை மாறாது. நம் பூமியில் என்ன உண்டு, என்ன இல்லை என்பதை நாமே இறங்கிப் பார்த்து அறிய வேண்டும். இல்லை என்று பிறர் சொன்னதை நம்பிக் கை கட்டி நிற்பதும் தவறு; உண்டு என்று ஆசையால் நம்பிக் கணக்குப் பாராமல் குதிப்பதும் தவறு. அரசியல் சுதந்திரத்தைக் கோஷத்தாலும் தியாகத்தாலும் பெற்றோம். பொருளாதார சுதந்திரத்துக்குத் தியாகத்தோடு கணிதமும் வேண்டும்.

கடலைக் காணாத ஊரில் இருப்பதால் இதெல்லாம் நமக்கென்ன என்று ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் நேயர்கள் எண்ண வேண்டாம். சந்திரன் கடலை மட்டும் இழுக்கவில்லை. கெட்டியான நிலத்தையும் இழுக்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நம் காலடி நிலமே, ஆண்டாள் கோவிலின் கோபுரத்தோடும் மேற்கு மலையோடும் சேர்ந்து, ஒரு சாணுக்கு மேல் உயர்ந்து தாழ்கிறது. எல்லாம் ஒன்றாக அசைவதால் நாம் உணர்வதில்லை. நுட்பமான கருவிகள் உணர்கின்றன. தேசத்தின் வாழ்வும் அத்தகையதே. காம்பேயிலும் பம்பாய்க் கடலிலும் நடந்த முயற்சியால் நம் கரிசல் காட்டுக் கிணற்றடியிலும் ஏதோ ஓர் அளவு உயர்வு நேர்ந்தது. அதை உணரும் கருவியாக நாம் இருக்க வேண்டும். அதுவே கேசவ தேவ மாளவியாவின் ஞாபகத்துக்கு நாம் செய்யத்தக்க மரியாதை.